விழுந்தா தானா எழும்பணும்

கம்ப்யூட்டர் ரிப்பேர்காரனுக்கும் குழாய் ரிப்பேர்காரனுக்கும் ஒரே வித்தியாசம்தான்: குழாய்க்காரன் வந்தால் தேத்தண்ணி கொடுப்பார்கள். இந்தப் பிழைப்பில் மாட்டிக்கொண்டு முழிக்கும் சகோதரர்களே, உங்களுக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தொண்ணூறுகளில் பினாங்கில் நான் வேலைக்குச் சேர்ந்த அன்றே முதலாளி சட்டம் போட்டுவிட்டார்: "ஒரே ஆபீஸுக்கு மூணு தடவை ரிப்பேருக்குப் போனா, மூணாவது தடவை அப்படியே வீட்டுக்குப் போயிடு." எனக்கோ கல்யாணம் நிச்சயமாகியிருந்தது, அதுவும் கம்ப்யூட்டர் வேலை என்று சொல்லி.

அக்காவின் சுவிட்ச்

சூலியா தெருவில் ஒரு ஹாஜியாரின் விமான டிக்கெட் ஆபீஸ். அங்கே உள்ளறையில் சர்வர் என்று ஒரு பெரிய பெட்டியை வைத்தேன். மேசைக் கம்ப்யூட்டர்கள் எல்லாம் அதை நம்பித்தான் ஓடும். கரண்ட் போய் வந்தாலும், டிக்கெட் புரோகிராம் பாதியில் நின்று விழுந்தாலும் அது தானாக எழும்பும்படி செட் பண்ணினேன். இனி நான் இந்தப் பக்கம் வரவே வேண்டியிருக்காது என்று ஹாஜியாரிடம் பெருமையும் அடித்தேன்.

மறுநாள் காலையே போன். கிளார்க் பரமேஸ்வரி அக்கா, முந்தின நாள் சாயங்காலம் ஐந்து மணிக்கு வழக்கம்போல மெயின் சுவிட்சை இறக்கிவிட்டுப் போயிருக்கிறார். காலையில் ஏற்றியதும் பெட்டி எழும்பியது. ஆனால் திடீரென்று செத்துப் பிழைத்ததால், உடம்பில் எல்லாம் சரியாக இருக்கிறதா என்று ஒன்றரை மணி நேரம் சோதித்துக்கொண்டே உட்கார்ந்துவிட்டது. அதற்குள் டிக்கெட் வாங்க வாசல் வரை ஆள். ஓடிப்போய், இனி சுவிட்சைத் தொடாதீங்க அக்கா என்றேன்; அது முதல் தடவை. மூக்குக்கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "தம்பி, எங்கப்பா ரயில்வேல முப்பது வருஷம் கிளார்க். ஒரு ஃபேனைக்கூட ஓட விட்டுட்டு வீட்டுக்கு வந்ததில்ல."

சொல் பேச்சு கேளாத பெட்டி

சுவிட்சின் மேல் பிளாஸ்டர் ஒட்டி, தொடாதே என்று மூன்று மொழியில் எழுதி வைத்தேன். அக்கா தொடவில்லை. அதற்குப் பதிலாக, சாயங்காலம் புரோகிராமை முறைப்படி மூடினார். விழுந்துவிட்டோம் என்று நினைத்துப் பெட்டி எழும்பியது. மறுபடி மூடினார். மறுபடி எழும்பியது. ஆறரை வரை இந்த மல்லுக்கட்டு. அக்காவுக்குக் கடலுக்கு அந்தப் பக்கம் பாகான் டாலாமில் வீடு. வழக்கமான ஃபெரி போயே போய்விட்டது.

ஆக, இரண்டாவது தடவை. இனி திரையை மட்டும் அணைத்தால் போதும் என்று கெஞ்சிச் சம்மதிக்க வைத்தேன். என் முகம் தொங்கிப்போயிருப்பதைப் பார்த்து என்ன விஷயம் என்றார். முதலாளியின் சட்டத்தையும் கல்யாணத்தையும் சொன்னேன். "உங்க முதலாளியும் இந்தப் பெட்டியும் ஒண்ணுதான்லா தம்பி, யாரு என்ன சொன்னாலும் கேக்காது."

மூன்றாவது தடவை

அன்றைக்கே கிளம்புமுன், எனக்கு வந்த கடுப்பில் முதலாளியின் சட்டத்தையே பெட்டிக்கும் போட்டேன். மூன்று தடவை விழுந்தால் எழும்பாதே, அப்படியே படு. படுத்தால் என் பேஜருக்கும் முதலாளி பேஜருக்கும் தகவல் அனுப்பு. ஆமாம், முதலாளி பேஜருக்கும். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

ஒரு மத்தியானம் இடியும் மழையும். விமானக் கம்பெனியோடு பேசும் டெலிபோன் லைன் விட்டு விட்டு வந்தது. அது போகும்போதெல்லாம் புரோகிராம் விழுந்தது. நான் கடலுக்கு அந்தப் பக்கம், புக்கிட் மெர்தாஜாமில் ஒரு பள்ளிக்கூடத்து வேலையில் இருந்தேன். பெட்டி மூன்றாவது தடவையும் விழுந்து படுத்துவிட்டது என்று பேஜர் கத்தியது. மோட்டார் சைக்கிளில் நனைந்துகொண்டே ஃபெரியைப் பிடித்தேன். வேலை போனதைப் பெண் வீட்டாரிடம் எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்தேன்.

போய்ப் பார்த்தால் பெட்டி ஜம்மென்று ஓடுகிறது. டிக்கெட் அச்சாகிறது. என் பிளாஸ்டர் குப்பைத்தொட்டியில் கிடக்கிறது. அக்கா மெயின் சுவிட்சை இறக்கி, பத்து எண்ணி, மறுபடி ஏற்றியிருக்கிறார்; மூன்று தடவைக் கணக்கை மறந்து அதுவும் எழும்பிவிட்டது. நான் கடல் தாண்டி வருவதற்குள் பெட்டி தன் சோதனையையெல்லாம் முடித்துவிட்டது. அந்த நேரம் பார்த்து முதலாளியின் போன். அக்கா எடுத்தார். சொட்டச் சொட்ட நின்ற என்னை ஒரு தடவை பார்த்தார். "இங்க ஒரு ரிப்பேரும் இல்லையே சார். தம்பி சும்மா தேத்தண்ணி குடிக்க வந்திருக்காரு."

விழுந்தால் தானாக எழும்பும்படி எத்தனையோ பெட்டிகளைப் பழக்கிவிட்டேன், ஆனால் நான் விழப்போன அன்று என்னைக் காப்பாற்றியது, தொடாதே என்று நானே எழுதி ஒட்டிய அந்த சுவிட்ச்தான்.