கவிழ்ந்து கிடந்த காசுகள்

போன வருஷம் குளிர்காலத்தில், பர் துபாயில் நான் ரூம் சுத்தம் செய்யும் ஹோட்டலில் நடந்தது இது. நான் குமரிக் கடற்கரைக்காரி, லேசில் பயப்பட மாட்டேன். ஆனாலும் இதை நினைத்தால் இப்போதும் உடம்பு சிலிர்க்கிறது.

அமெரிக்காவிலிருந்து வயதான அம்மா ஒருவர் தனியாக வந்து தங்கியிருந்தார். ஜன்னலோரத்தில் அவர் நாட்டுக் காசுகளை வரிசையாக வைத்திருந்தார். எல்லாவற்றிலும் பெண் உருவம். பழைய காசில் இருப்பது சுதந்திரத்தின் உருவமாகக் கற்பனையில் வரைந்த பெண்ணாம். புதுக் காசுகளில் நிஜமாகவே வாழ்ந்தவர்களாம். கவிதை எழுதியவர், விண்வெளிக்குப் போனவர் என்று காட்டினார். என் அரைகுறை இங்கிலீஷுக்கு அவ்வளவு புரிந்ததே பெரிசு. வரிசையின் கடைசியில், முதுகில் கைக்குழந்தையைக் கட்டிய ஒருத்தி. அவள் மட்டும் கழுத்தைத் திருப்பி நம்மையே பார்ப்பாள். தூசி தட்டும்போது அவள் கண்ணைப் பார்க்கவே மாட்டேன்.

ஒருநாள் முதல் காசு கவிழ்ந்து கிடந்தது. பெண் போய்க் கழுகு தெரிந்தது. கெஸ்ட் சாமானை இருந்தபடியே விட வேண்டும், எங்கள் டியூட்டியில் முதல் பாடமே அதுதான். விட்டுவிட்டேன். மறுநாள் அடுத்த காசு. அப்புறம் தினமும் ஒன்று, வரிசை மாறாமல். இது என்ன ஜெபமோ என்று மாதாவைக் கும்பிட்டுக்கொண்டே படுக்கையை விரிப்பேன். கடைசியில் பிள்ளைக்காரி மட்டும்தான் மிச்சம்.

அடுத்த நாள் கதவில் ‘தொந்தரவு செய்யாதீர்கள்’ அட்டை தொங்கியது. மதியம் தாண்டியும் எடுக்கவில்லை. தட்டினேன், போன் போட்டேன், பதிலே இல்லை. சூப்பர்வைசர் அக்கா, திறந்து கம்ப்ளெயின்ட் வந்தால் விசாவை கேன்சல் பண்ணி ஊருக்கு அனுப்பிவிடுவார்கள் என்று சத்தம் போட்டார். என் சம்பளத்தில்தான் ஊரில் இரண்டு பிள்ளைகள் படிக்கிறார்கள். இருந்தும் மாஸ்டர் கீயைப் போட்டேன்.

அந்த அம்மா கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் விழுந்து கிடந்தார். மூச்சு மட்டும் இருந்தது. சர்க்கரை ஒரேயடியாக இறங்கிவிட்டதாம். இன்னும் தாமதித்திருந்தால் கஷ்டம் என்றார்கள் ஆம்புலன்ஸில் வந்தவர்கள். ஜன்னல் பக்கம் பார்த்தேன். பிள்ளைக்காரி கவிழவில்லை.

ஆஸ்பத்திரியில் அவரைப் பார்க்கப் போனேன். கையைப் பிடித்துக்கொண்டு தயங்கித் தயங்கிக் கேட்டார்.

“தினமும் ஒரு காசைக் கவிழ்த்து வைத்தாயே, அது உங்கள் வழக்கமா? கேட்டால் உன் மனசு நோகுமோ என்று சும்மா இருந்தேன்.”

“நான் தொடவே இல்லை மேடம். நீங்கதான்னு நினைச்சேன்.”



யார் கவிழ்த்தது என்று எனக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். ஆனால் மதியம் தாண்டியும் அந்த அட்டை தொங்கும் கதவைக் கண்டால், வேலை போனால் போகட்டும் என்று திறந்து பார்த்துவிடுகிறேன்.