நான்காவது தாளுக்கு விலக்கு

எனக்குத் தெரிந்ததையே எனக்கு மறுபடியும் சொல்லிக்கொடுக்க ஒரு வருடம் வேண்டும் என்றது அந்தப் பாடத்திட்டம். அஞ்சல் வழியில் கம்ப்யூட்டர் பட்டப்படிப்பு, மொத்தம் மூன்று வருடம். முதல் வருடத்தில் நான்கு தாள்கள். கம்ப்யூட்டர் என்றால் என்ன, அதை எப்படி இயக்குவது, புரோகிராம் எப்படி எழுதுவது, தகவல்களை எப்படி அடுக்கி வைப்பது. இரண்டு வருடமாக நான் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். எங்கள் மலையில் ஒரு சின்ன ஆஸ்பத்திரி இருந்தது. அங்கே கம்ப்யூட்டர் முன்னால் உட்காருவதுதான் என் வேலை.

அப்பா இரண்டு வருடத்துக்குத்தான் ஒத்துக்கொண்டார்.

"ரெண்டு வருஷம் படிச்சுக்க சாமி. அதுக்கு மேல போனா சொந்தக்காரங்க கேக்கறதுக்கு என்னால பதில் சொல்ல முடியாது. அப்பறம் உனக்கும் ஒரு எடம் பாக்கோணும்."

அவர் ஒன்று சொன்னால் சொன்னதுதான். அம்மா இல்லாத வீட்டில் பேசி இளக வைக்கவும் ஆள் இல்லை. படிப்பு மூன்று வருடம், அப்பாவின் வார்த்தை இரண்டு வருடம். விவரப் புத்தகத்தைத் தூக்கிப் பரண்மேல் போட்டுவிட்டேன்.

அதை எடுத்துப் படித்தது அக்கா. அவளை மலையின் மறுபக்கம் திண்ணனூர் நாட்டில் கட்டிக் கொடுத்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. ஊர்த் திருவிழா நோம்பிக்கு வந்தவள் பொடி எழுத்தில் இருந்த ஒரு பத்தியைப் பிடித்துக்கொண்டாள். ஏற்கெனவே வேலை செய்து இதையெல்லாம் கற்றவர்கள், சான்றிதழ் காட்டி, செய்த வேலையை நேரில் விளக்கினால் முதல் வருடத் தாள்களுக்கு விலக்குப் பெறலாம். நான்குக்கும் கிடைத்தால் நேராக இரண்டாம் வருடம். ஒன்று நின்றாலும் முதல் வருடம் உட்கார்ந்தே ஆக வேண்டும். அந்தப் பக்கத்தின் மூலையை மடித்து என் கையில் கொடுத்தாள்.

"உனக்குன்னே எழுதி வெச்சிருக்கறான் பாரு" என்றாள்.

ஆஸ்பத்திரி வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். யாரோ நன்கொடையாகக் கொடுத்த பழைய கம்ப்யூட்டர் ஒன்று அங்கே பெட்டி பிரிக்காமல் கிடந்தது. அடிவாரத்து ஊரில் பாய் ஒருவர் தன் ஹார்டுவேர் கடை மாடியில் கம்ப்யூட்டர் சென்டர் நடத்தினார். பன்னிரண்டாவது முடித்துவிட்டு எட்டு மாதம் நான் அங்கே பஸ்ஸில் போய் வந்திருந்தேன். அந்த ஒரே காரணத்துக்காக என்னைக் கூப்பிட்டார்கள். அன்றிலிருந்து பாதையில் போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாருக்கும் நான் 'கம்ப்யூட்டர் புள்ள'. கேட்கும்போதெல்லாம் எரிச்சலாக வரும்.

நோயாளிகளின் அட்டைகள் மரப் பெட்டிகளில் இருந்தன. ஒருவருடைய அட்டையைத் தேடி எடுப்பதற்குள் அவருக்குக் காய்ச்சலே விட்டுவிடும் என்பார் டாக்டர். ஒவ்வொரு அட்டைக்கும் எண் உண்டு. எண் எழுதிய சீட்டை யாரும் கொண்டுவர மாட்டார்கள். கேட்டால், "அது ஊட்டுக் கூரை எரவாணத்துல சொருகி வெச்சிருக்குதுங்க" என்பார்கள். பேரை வைத்துத் தேடலாம் என்றால் ஒரே ஊரில் ஒரே பேரில் ஏழு பேர். வயதைக் கேட்டால், "ஒரு முப்பது நாப்பது இருக்குமுங்க." ஆனால் ஒன்றை மட்டும் எல்லாரும் தவறாமல் சொல்வார்கள். காட்டின் பேர். ஒரு குடும்பம் உழுது குடியிருக்கும் நிலத்தைத்தான் மலையில் காடு என்போம்; ஒவ்வொரு காட்டுக்கும் ஒரு பேர் இருக்கிறது. நீ யார் என்று கேட்டால் எந்தக் காடு என்றுதான் பதில் வரும்.

அதனால் நான் எண்ணைத் தூக்கி எறிந்தேன். காட்டின் பேர், ஆளின் பேர், இரண்டையும் அடித்தால் அட்டை திரையில் வந்து நிற்கும்படி புரோகிராம் எழுதினேன். பழைய அட்டைகளில் சிவப்பு மையில் எழுதியிருந்த எச்சரிக்கைகளை, இந்த ஊசி ஆகாது, இந்த மாத்திரை ஆகாது என்பதையெல்லாம், திரையின் தலைமாட்டில் மின்னும்படி செய்தேன். கூடவே 'கீச்' என்று ஒரு சத்தமும் வரும். கீழேயிருந்து வரும் விருந்தாளிகளையெல்லாம் டாக்டர் கூட்டிவந்து காட்டினார். எனக்குப் பெருமையாக இருந்தது.

அங்கே ஒரு நர்ஸ் இருந்தார். சிஸ்டர் என்று கூப்பிடுவோம். ஊசி போடுவதற்கு முன்னால் ஒவ்வொருவரிடமும், "எந்த ஊசியாச்சும் முன்னால ஒத்துக்காமப் போயிருக்குதுங்களா?" என்று கேட்பது அவர் வழக்கம். நான்தான் சொன்னேன், "இனிமேல் கேக்க வேண்டியதில்லீங்க சிஸ்டர். மிசினே சொல்லும்." கொஞ்ச நாளில் அவரும் கேட்பதை விட்டுவிட்டார்.

விண்ணப்பத்தோடு வைக்க பாயிடம் சான்றிதழ் வாங்க அடிவாரத்துக்குப் போன நாள், மிளகு காயப் போட்டிருந்த பருவம். அவருடைய லெட்டர் பேடு தீர்ந்துபோயிருந்தது. "இரும்மா, அச்சாபீசுக்கு ஆள் அனுப்பியிருக்கேன், டீ குடி" என்று உட்கார வைத்துவிட்டார். இரண்டு பஸ் போய்விட்டது. பாவம், நல்ல மனிதர். என்னைப் பற்றி ஒரு பக்கம் முழுக்க எழுதிக் கொடுத்தார்.

நான் மலையேறி வந்தபோது அக்கா இறந்து போயிருந்தாள்.

அன்று காலையில் காய்ச்சலென்று அவளை அவள் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வந்திருக்கிறார். ஊசி போட்ட ஐந்து நிமிடத்தில் மூச்சு முட்டியிருக்கிறது. டாக்டர் மாற்று ஊசி போட்டுப் பார்த்துவிட்டு ஜீப்பில் ஏற்றி அனுப்பினார். பாதி வளைவுகூட இறங்கவில்லை. என் பஸ் ஏறும்போது அந்த ஜீப் எதிரே இறங்கியிருக்க வேண்டும். எந்த வளைவில் என்று எனக்குத் தெரியாது. நான் ஜன்னலோரம் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஊசி ஒத்துக்கொள்ளவில்லை என்றார்கள். எந்த ஊசி ஆகும் ஆகாது என்று யாருக்குத் தெரியும் என்றார் அப்பா. வந்தவர்களும் அதையே சொன்னார்கள்.

காரியமெல்லாம் முடிந்து பதினேழாம் நாள் வேலைக்குப் போனேன். கம்ப்யூட்டரில் காட்டின் பேரை விட்டுவிட்டு, அக்காவின் பேரையும் அட்டையில் பதிந்திருக்கும் அப்பாவின் பேரையும் மட்டும் வைத்துத் தேடினேன். இரண்டு அட்டைகள் வந்தன. ஒன்று ஊத்துக்காடு, எங்கள் காடு. கல்யாணத்துக்கு முந்தியது. அதில் அந்த ஊசியின் பேரும், ஆகாது என்ற எச்சரிக்கையும் இருந்தன. பழைய அட்டையைப் பார்த்து நானே அடித்தது. இன்னொன்று மேலப்பாறைக்காடு, அக்கா வாழப்போன காடு. அன்று காலை சிஸ்டர் புதிதாகத் திறந்தது. எச்சரிக்கை வரி காலியாக இருந்தது.

கட்டிக் கொடுத்த பெண் புருஷன் காட்டைத்தான் சொல்வாள். பிறந்த காட்டைச் சொல்வது மரியாதை இல்லை. இந்த மலையில் பிறந்த எனக்கு அது தெரியாதா? தெரியும். புரோகிராம் எழுதியபோது தோன்றவில்லை.

சிஸ்டர் ஒரு நாள் தானாகவே சொன்னார். ஊசியை எடுத்தபோது அக்கா கேட்டாளாம், முன்னால் ஏதோ ஒரு ஊசி தனக்குத் தடித்துப் போனதே, இது அதுவா என்று. பிறகு அவளே, "எந்தங்கச்சி அதுல எல்லாம் போட்டு வெச்சிருப்பா, அது சொல்லலீன்னா ஒண்ணுமில்லீங்க" என்று கையை நீட்டினாளாம். சிஸ்டர் அழுதார். நான் அவருக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன்.

எனக்கு அழுகை வரவில்லை. சாப்பிட்டேன், தூங்கினேன், தினமும் போய் அட்டைகளை அடித்தேன். யாரிடமும் எதையும் சொல்லவில்லை. விண்ணப்பத்தின் கடைசித் தேதி வந்தபோது அதைத் தபாலில் போட்டேன். அக்கா மூலை மடித்த பக்கம், அதனால் போட்டேன் என்று சொல்லிக்கொள்ளலாம். உண்மை அப்படி இல்லை. உறையில் விலாசம் எழுதியிருந்தது. போகிற வழியில் தபால் பெட்டி இருந்தது.

நான்கு மாதம் கழித்து சேலத்துக்கு வரச் சொல்லிக் கடிதம் வந்தது. பிளாப்பி வளைந்துவிடக் கூடாது என்று டிபன் பாக்ஸில் வைத்து எடுத்துப் போனேன். ஒரு கல்லூரியின் லேப். இரண்டு தேர்வாளர்கள். இளையவர் பாயின் சான்றிதழைப் படித்தார், நான் எழுதிய புரோகிராமை ஓட்டிப் பார்த்தார், இரண்டு கேள்வி கேட்டார், முதல் மூன்று தாள்களுக்கும் விலக்கு என்று எழுதினார். பத்து நிமிடம் ஆகியிருக்கும்.

நான்காவது தாள் பெரியவருடையது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத் திரையைப் பார்த்தார்.

"நம்பர் எங்கம்மா?"

"நம்பர் இல்லீங்க சார். காட்டுப் பேரு இருக்குதுங்க."

"ஒவ்வொரு ஆளுக்கும் மாறாத ஒண்ணு வேணும். இந்தத் தாளோட முதல் பாடமே அதுதானே. காடு மாறாதா?"

"காடு எங்கீங்க சார் போகும்?"

"காடு போகாதும்மா. ஆளு போக மாட்டாங்களா?"

அவர் பேனா அந்தக் கட்டத்தின் மேல் நின்றது. இல்லை என்று எழுதப் போகிறார் என்று தெரிந்தது. எழுதினால் முதல் வருடம், மூன்று வருடம், அப்பா, எல்லாம் முடிந்தது. நான் கீபோர்டை என் பக்கம் இழுத்து அக்காவின் பேரையும் அப்பாவின் பேரையும் அடித்தேன். இரண்டு அட்டைகளும் வந்தன.

"இவங்க ரெண்டு பேரும் ஒரே ஆளுங்க சார். கல்யாணத்துக்கு முந்தி ஒண்ணு, பிந்தி ஒண்ணு."

அவர் முன்னால் குனிந்தார். "சரி. இதனால என்ன ஆகும்?"

"பழைய அட்டைல இருக்கற எச்சரிக்கை புதுசுல வராதுங்க. தெரியாம அதே ஊசிய போட்டுருவாங்க."

"அப்படி நடந்திருக்கா?"

"ஒரு தடவை நடந்துச்சுங்க."

எப்படிச் சரி செய்வாய் என்று கேட்டார். ஆளுக்கு ஒரு எண், அது சாகும்வரை மாறக் கூடாது; காட்டின் பேரைத் தனியாக வைத்து, மாறும்போதெல்லாம் கீழே ஒரு வரி சேர்க்க வேண்டும்; எச்சரிக்கை எண்ணோடு போக வேண்டும், காட்டோடு அல்ல. என் குரல் பாடம் ஒப்பிப்பது போல ஒரே சீராக இருந்தது. அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது.

"புத்தகம் படிச்சவங்க எல்லாரும் இதைச் சொல்லுவாங்கம்மா. நீ பாத்துட்டுச் சொல்ற. அனுபவம்னா இதுதான்" என்று இளையவரிடம் திரும்பிச் சொல்லிக்கொண்டே கையெழுத்துப் போட்டார். அது யாருடைய அட்டை என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

பஸ்ஸில் உட்கார்ந்து, சந்தோஷமாக இருக்கிறதா என்று என்னை நானே பார்த்துக்கொண்டேன். இரண்டு வருடம் சரியாக வந்துவிட்டது என்று மட்டும் தெரிந்தது. பக்கத்துச் சீட்டில் ஒரு அம்மாள் வளைவுக்கு வளைவு வாந்தி எடுத்துக்கொண்டு வந்தார். அவர் தலையைப் பிடித்துக்கொண்டேன்.

வீட்டு வாசலில் அப்பா மரவள்ளிக் குச்சிக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார்.

"கெடச்சுதா கண்ணு?"

"கெடச்சுதுங்கப்பா. நாலுக்கும்."

"என்ன கேட்டாங்க?"

என்னவோ ஒன்றைச் சொல்லியிருக்கலாம். அவருக்கு கம்ப்யூட்டரில் எதைச் சொன்னாலும் புரியப் போவதில்லை. ஆனால் காலையில் முன்பின் தெரியாத ஒருவரிடம் ஒரு கையெழுத்துக்காகச் சொன்னதை இவரிடம் சொல்லாமல் வைத்திருக்க எனக்கு வெட்கமாக இருந்தது. அக்காவின் இரண்டு அட்டைகளையும் பற்றிச் சொன்னேன். காட்டுப் பேரை வைத்தது என் தப்பு என்றேன். சிஸ்டரைக் கேட்க வேண்டாம் என்று சொன்னதும் நான்தான் என்றேன். அதைச் சொன்னதற்குத்தான் நான்காவது தாளைக் கொடுத்தார்கள் என்றும் சொன்னேன்.

அப்பா கையிலிருந்த கிழங்கை உரித்து முடித்தார். அடுத்ததை எடுக்கவில்லை. திட்டுவார் என்று நினைத்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் இருந்தது.

"அதே மாதிரி காடு மாறிப் போன புள்ளைக இன்னும் எத்தன பேரு அதுல இருக்கறாங்க?"

நான்கு மாதமாக நான் அந்த மிசின் முன்னால்தான் உட்கார்ந்திருந்தேன். எப்படிச் சரி செய்வது என்று வரி பிசகாமல் தெரியும். தேர்வாளரிடம் ஒப்பித்தேன். செய்யவில்லை. ஊசிக்குக் கையை நீட்டிக்கொண்டு தினமும் பெண்கள் வந்துகொண்டுதான் இருந்தார்கள்.

"தெரியலீங்கப்பா."

"நாளைக்குப் போயி மொதல்ல அதப் பாரு சாமி. படிப்பு அப்பறம் இருக்கட்டும்."

அதற்குப் பிறகு அதைப் பற்றி அவர் என்னிடம் பேசியதே இல்லை.

பதினொரு நாள் பிடித்தது. மரப் பெட்டிகளை இறக்கி ஒவ்வொரு அட்டைக்கும் எண் போட்டேன். காடு மாறிப் போன பெண்களை சிஸ்டரும் நானும் வாய்மொழியாகக் கேட்டு ஒவ்வொருவராகச் சேர்த்தோம். நாற்பதுக்கு ஒன்று குறைவாக இருந்தார்கள். அதில் ஆறு பேருடைய பழைய அட்டையில் சிவப்பு மை இருந்தது. அந்த ஆறு பேருக்கும் நான்கு மாதத்தில் காய்ச்சல் வரவில்லை, அவ்வளவுதான்.

அக்காவுடையதைக் கடைசியாக எடுத்தேன். ஊத்துக்காட்டு அட்டைக்கும் மேலப்பாறைக்காட்டு அட்டைக்கும் ஒரே எண்ணைக் கொடுத்தேன். சரியாக வருகிறதா என்று மேலப்பாறைக்காட்டின் பேரையும் அக்காவின் பேரையும் அடித்துப் பார்த்தேன். எச்சரிக்கை தலைமாட்டில் மின்னியது. கீச் என்று சத்தம் வந்தது.

சத்தம் கேட்டு உள்ளே வெந்நீரில் ஊசி காய்ச்சிக்கொண்டிருந்த சிஸ்டர் எட்டிப் பார்த்தார்.

"ஆரு கண்ணு வந்திருக்கறது?"

"ஆரும் இல்லீங்க சிஸ்டர்" என்றேன்.