‘லைன்’ வந்த நேரம்

சென்ற வாரம் ஓர் அலுவலகத்தைத் தொலைபேசியில் அழைத்தேன். மறுமுனையில் பேசிய பெண், “லைன்லயே இருங்க சார்” என்று சொல்லிவிட்டு ஏதோ இசையை ஓடவிட்டாள். நான் இணைப்பைத் துண்டித்துவிட்டேன். அந்தச் சொல்லை இன்னும் என்னால் இயல்பாகக் கேட்க முடிவதில்லை.

ஏன் என்று உங்களுக்குச் சொல்கிறேன். ஆனால் நானே கண்டதையும், கேட்டதையும், இருவரிடமாவது விசாரித்து உறுதிசெய்துகொண்டதையும் மட்டுமே எழுதுவேன். இறந்தவரைப் பற்றி ஏற்கெனவே ஒரு பொய் பதிவாகியிருக்கிறது. இன்னொன்று என் கையால் சேர வேண்டாம்.

எழுபதுகளின் கடைசியில், உத்திரமேரூருக்கு அருகே ஒரு சிற்றூர்ப் பள்ளியில் தமிழாசிரியனாக இருந்தேன். பிறமொழிச் சொல் காதில் விழுந்தால் கல் கடித்ததுபோல் முகம் சுளிக்கும் வயது. அவ்வூரில் என்னை மிகவும் துன்புறுத்திய சொல் ‘லைன்’. பக்கத்து ஊரான பெருநகருக்குப் பேருந்து ஓடும் தடம் லைன். மண்ணெண்ணெய்க்கு நிற்கும் வரிசை லைன். மாணவர் கோடு போட்டாலும் லைன். இளைஞன் ஒருத்தியைப் பார்த்துச் சிரித்தாலும் லைன். எல்லாவற்றுக்கும் மேலாக, வயலுக்கு உயிர்கொடுக்கும் மின்சாரம் லைன். நான் ஒவ்வொன்றுக்கும் ஒரு தமிழ்ச்சொல் வைத்திருந்தேன். கேட்பார்தான் இல்லை.

யோசேப்பு மட்டும் காதுகொடுத்துக் கேட்டார். மின்வாரியத்தில் நிரந்தரமாகாத உதவியாளர். நிலமில்லாத கிறித்தவக் குடும்பம். கம்பத்தில் ஏறும் வேலை பெரும்பாலும் அவர் தலையில்தான் விழும். ‘மின்கம்பி’ என்று சொல்லிப் பழகுங்கள் என்றேன்.

“இன்னா சாரு நீ? ‘மின்கம்பி வந்துட்ச்சு’ன்னா எவன் மோட்டார் போடுவான்? கம்பி எப்பவும் அங்கதான் கீது. உள்ள ஓடறது வர வாணாவா?”



அந்த ஆண்டு ஏரி வற்றியிருந்தது. கதிர் பிடிக்கும் நேரத்தில் காற்றில் பனைமட்டையொன்று கம்பிமேல் விழுந்து, ஊருக்கே மின்சாரம் நின்றது. பயிர் வெளுத்தது. காலையில் நான் பள்ளிக்குப் போகையில், யோசேப்பு மின்மாற்றியின் கைப்பிடியை இழுத்து மின்சாரத்தை நிறுத்தி, அது அசையாதபடி வைக்கோலை முறுக்கித் திரித்த பிரியால் கட்டிக்கொண்டிருந்தார்.

“பூட்டு இல்லையா?”

“பூட்டு ஆபீஸ்ல பத்திரமா கீது சாரு. இத்த அவுக்க எவனுக்குத் தகிரியம் வரும்?”

வரப்பில் என்னோடு நடந்தபடியே கூவினார்: “லைன் ஆஃப்ல கீது! யாரும் கை வைக்காதீங்கோ!” ஒரு மோட்டார்க் கொட்டகையில் கேட்டவர் அடுத்த கொட்டகைக்குக் கூவுவார். தொலைபேசி இல்லாத அவ்வூரில் எச்சரிக்கை அப்படித்தான் போய்ச் சேரும். அது வயல்வெளியின் கடைசி வரை போனதை நான் கேட்டேன்.

வகுப்பில் செய்யுள் நடத்திக்கொண்டிருந்தபோது வயலிலிருந்து ஒரு பேரிரைச்சல் எழுந்தது. “லைன் வந்துட்ச்சு டோய்!” ஒவ்வொரு கொட்டகையும் அதை எதிரொலித்தது, மோட்டார்கள் உறுமின, பிள்ளைகள் கைதட்டினர். மாலையில் மோட்டார்க் கொட்டகைத் தொட்டியில் குளிக்கலாம் என்று நானும் மகிழ்ந்தேன்.

யோசேப்பு அப்போது கம்பத்தின் மேலே இருந்தார்.

கண்டதை விவரிக்கமாட்டேன். செய்தி கேட்டு அந்தக் கம்பத்துக்கு ஓடும் வழியில் மின்மாற்றியைக் கடந்தேன். பிரி தரையில் கிடந்தது. அறுந்திருக்கவில்லை, முடிச்சு அவிழ்க்கப்பட்டிருந்தது.

மின்சாரத்தை நிறுத்தாமல் அவரே ஏறினார் என்று மின்வாரிய விசாரணையில் முடிவாயிற்று. நான் போய்ப் பிரியைப் பற்றிச் சொன்னேன். “அந்தப் பிரி எங்க?” என்றார்கள். திரும்பி வந்து தேடினேன், இல்லை. மாடு தின்றுவிட்டது என்றார் ஒருவர். அதை உறுதிசெய்ய முடியவில்லை.

சில நாள் கழித்து, யோசேப்பின் மனைவி ஞானம்மா தேநீர்க் கடைக்கு முன்னால் வந்து நின்றார். பெஞ்சு நிறைய நிலக்காரர்கள், நானும் இருந்தேன்.

“எங்க வூட்டுக்காரரு நிறுத்தாம ஏறுனாருன்னு எழுதிக்கிறாங்க. ஏம்ப்பா, லைன் வந்துட்ச்சுன்னு மொதல்ல கூவுனது யாரு?”

“எல்லாருந்தான் கூவுனோம்மா,” என்றார் ஒரு பெரியவர்.

“கூவுனது எல்லாரும். லைனப் போட்டது ஒர்த்தன்தான?”

யாரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அவர் நெடுநேரம் நின்றார். “மாஸ்டர், இன்னொரு டீ போடு,” என்றது ஒரு குரல்.

அவ்வாண்டு விளைச்சல் மோசமில்லை. அந்த அரிசியை ஊரே உண்டது, நானும் உண்டேன்.

அதன்பின் அவ்வூர் வயல்களில் ‘லைன் வந்துட்ச்சு’ என்று எவரும் கூவி நான் கேட்கவில்லை. கூவக்கூடாதென்று யாரும் சொல்லவுமில்லை. மின்சாரம் வந்தால் ஓசையின்றிப் போய் மோட்டாரைப் போட்டார்கள். இப்போது அதற்கும் ஆள் வேண்டாம். மின்சாரம் வந்ததும் மோட்டார் தானே ஓடுகிறதாம். மாணவர் பேச்சில் அந்தச் சொல்லைத் திருத்துவதை நானும் விட்டுவிட்டேன்.

ஞானம்மா பிறகு எங்கே போனார் என்று தெரியவில்லை. அந்த முடிச்சை அவிழ்த்தவர் யார் என்பதும் தெரியவில்லை.