புவனாவுக்கு ஒரு லேப்டாப்

விற்கிற ஆளே "வாங்காதீங்க அக்கா" என்று சொல்லியும் ஒரு பொருளை வாங்கி வந்த அனுபவம் உங்களுக்கு உண்டா? எனக்குப் போன சனிக்கிழமை கிடைத்தது. வாங்கியது நானல்ல, என் தம்பி மனைவி புவனா. நான் பக்கத்தில் நின்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

முதலில் புவனாவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கிள்ளானில் தமிழ்ப்பள்ளி ஆசிரியை. நாற்பதை நெருங்கும் நேரத்தில் முதுகலை படிக்க ஆசை வந்தது. பகுதி நேரம்தான். பள்ளி விட்டதும் கொமுட்டர் ரயில் ஏறி, கோலாலம்பூரில் மாறி, செர்டாங்கில் இறங்கி, அங்கிருந்து பஸ் பிடித்துப் பல்கலைக்கழகம் போவாள். ஆய்வு என்ன தெரியுமா? தோட்டப்புறப் பிள்ளைகள் எப்படி வாசிக்கிறார்கள் என்று பார்ப்பது. அதற்காகக் கோல சிலாங்கூர், தெலுக் இந்தான் என்று விடுமுறை நாளெல்லாம் பஸ்ஸில் அலைச்சல்.

பாடங்களை முடித்துவிட்டாள். ஆய்வேடுதான் நிற்கிறது. ஏற்கெனவே ஒருமுறை தவணை கேட்டு வாங்கியாகிவிட்டது. இந்த ஆண்டு முடிவதற்குள் கொடுக்காவிட்டால் பெயரை எடுத்துவிடுவார்களாம். இவ்வளவு பாடுபட்டதும் வீண்.

வீட்டில் கம்ப்யூட்டர் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறதே... "புவனா படிக்கணும்" என்று சொல்லித்தான் என் தம்பி சேகர் போன வருடம் ஒன்றை வாங்கி ஹாலில் வைத்தான். மாலையில் அதில் மகன் கார் பந்தயம் ஓட்டுகிறான். அப்புறம் மகள் சிடி போட்டு ஏதோ படம் பார்க்கிறாள். அவள் எழுந்ததும் சேகர் உட்காருவான் — கோயில் கமிட்டிக்குச் செயலாளர் அவன், வேலைக்கா பஞ்சம்? புவனா அந்தக் கம்ப்யூட்டரைத் தொடுவது தூசி தட்டும்போது மட்டும்தான்.

யாரும் கெட்டவர்கள் இல்லை. கேட்டால் தருவார்கள். "பத்து நிமிஷம்மா" என்பார்கள், அவ்வளவுதான்.

ஆகவே ரயிலில் வைத்து எழுதலாம் என்று லேப்டாப் வாங்கத் தீர்மானித்தாள். சொந்தச் சேமிப்பில். ரிங்கிட் விழுந்து, வெளிநாட்டுச் சாமான் எல்லாம் யானை விலை குதிரை விலை விற்கிற நேரம் இது. அதனால் கைக்கு அடக்கமானதாக இருக்க வேண்டும். துணைக்கு நாத்தனார் நான். பத்திரிகையில் எழுதுகிறேன் அல்லவா, எனக்குக் கம்ப்யூட்டர் தெரியும் என்பது குடும்பத்தின் முடிவு. நான் இன்னும் கையால் எழுதித்தான் ஆசிரியருக்கு அனுப்புகிறேன் என்பதை யாரிடமும் சொல்லவில்லை.

கிளம்பும்போது ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். கலர் ஸ்கிரீன் முக்கியம் என்றான் மகன். சிடி போட இடம் வேண்டும் என்றாள் மகள். வாங்குவதே ஒரு தடவை, நல்லதாக வாங்கு என்றான் சேகர். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது.

கோலாலம்பூரில் புக்கிட் பிந்தாங் பக்கம் கம்ப்யூட்டர் கடைகளாகவே நிறைந்த அந்தக் கட்டடத்துக்குப் போனோம். ஒரு கடையில் நம்மவர் ஒருவர் நின்றார், மோகன் என்று பெயர். ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினார். புவனா எதிலும் விலையை முதலில் கேட்கவில்லை. "இதுல கேம் ஓடுமா?" என்றுதான் கேட்டாள். சூப்பராக ஓடும் என்றார் அவர். சிடி? போடலாம். கலர்? ஜொலிக்கும் என்று திறந்து காட்டினார்.

ஒவ்வொரு பதிலுக்கும் புவனா தலையாட்டிவிட்டு, "வேற காட்டுங்க" என்றாள். பிள்ளைகளுக்காக எவ்வளவு நுணுக்கமாகப் பார்க்கிறாள் என்று நான் உருகிப்போய் நின்றேன்.

கடைசியில் அலமாரியின் கீழ்த்தட்டில் கிடந்த ஒன்றைக் காட்டி, அது என்ன என்று கேட்டாள். மோகனுக்கே கூச்சமாகிவிட்டது. ஏதோ கம்பெனியில் பயன்படுத்திப் பழசானது. புது பேட்டரி போட்டிருப்பதால் இரண்டு மணி நேரம் தாங்கும், எடை குறைவு, டைப் அடிக்கலாம், டிஸ்கெட்டில் சேமிக்கலாம்... வேறொன்றுக்கும் ஆகாது.

"கறுப்பு வெள்ளைதான் அக்கா. கேம் ஓடாது, சிடியும் கிடையாது. நான் சொல்றேன்னு தப்பா நினைக்காதீங்க, இத வாங்காதீங்க லா."

"இதையே கொடுங்க," என்றாள் புவனா.

பாவம், மனிதருக்கு மனசாட்சி உறுத்தியிருக்க வேண்டும். ஒரு வாரத்துக்குள் எப்போது வேண்டுமானாலும் கொண்டுவந்து மாற்றிக்கொள்ளலாம் என்று தானாகவே சொன்னார்.

பிரிக்பீல்ட்ஸ் வந்து ஒரு கடையில் தே தாரேக் சொல்லிவிட்டு உட்கார்ந்தோம். நான் பிடித்துக்கொண்டேன். சிக்கனத்துக்கும் ஓர் அளவில்லையா, இன்னும் கொஞ்சம் போட்டிருந்தால் நல்லது கிடைத்திருக்குமே, வீட்டில் எல்லாரும் என்னைத்தானே கேட்பார்கள் என்று பொரிந்து தள்ளினேன். புவனா டீயை ஆற்றி ஒரு வாய் குடித்தாள்.

"நல்லதா வாங்கினா அது வீட்டுக்கு ஆயிடும் அண்ணி. இத யாரும் கேக்க மாட்டாங்க."

சீண்டி விளையாடுகிற நாத்தனார்தான் நான், ஆனால் அந்த நிமிஷம் அவள் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. பிடித்துக்கொண்டேன்.

யோசித்துப் பாருங்கள். நம் வீடுகளில் நல்ல பொருள் எல்லாருக்கும் பொது. விளிம்பு உடைந்த கப் யாருடையது? பிய்ந்துபோன முதல் தோசை யாருக்கு? சத்தம் போடுகிற காற்றாடிக்கு அடியில் யார் படுப்பது? தியாகம் என்று நாம் அதற்கு மாலை போடுகிறோம். புவனா போன்ற கெட்டிக்காரிகளோ அதிலேயே தங்களுக்கென்று ஒரு மூலையைப் பிடித்துக்கொள்கிறார்கள். எனக்கு இது ஐம்பது வயதில்தான் புரிகிறது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை கிள்ளானுக்குப் போனேன். வரவேற்பு எதிர்பார்த்தபடியே இருந்தது. மகன் ஒருமுறை திறந்து பார்த்துவிட்டு மூடினான். மகள் திறக்கவே இல்லை. சேகர்தான் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். முகத்தில் உண்மையான வருத்தம்.

"உன் காச ஏன்மா இதுல போட்ட? அக்கா, நாளைக்கே மாத்திரலாம். மிச்சத்த நான் போடுறேன், கலர்ல நல்லதா எடுத்துருவோம்."

நல்ல மனசு. அந்த நல்ல மனசுதான் அப்போது ஆபத்தாக வந்து நின்றது. புவனா என்னைப் பார்த்தாள். மோகன் சொன்ன ஒரு வாரம் எங்கள் இருவருக்கும் தெரியும்.

"வித்த சாமான திரும்ப எடுக்க மாட்டாங்களாம்டா," என்றேன்.

பொய்தான். வள்ளுவர் அனுமதித்த வகையைச் சேர்ந்தது. சேகர் கடைக்காரரைக் கொஞ்ச நேரம் திட்டினான். பிறகு கம்ப்யூட்டர் காலியாக இருக்கிறதா என்று பார்க்கப் போய்விட்டான். மோகன், மன்னித்துக்கொள்ளுங்கள் தம்பி.

நேற்று புவனா போன் செய்தாள். ரயில் ஷா ஆலம் தாண்டும்போது லேப்டாப்பைத் திறந்தவளுக்கு, சுபாங் ஜெயா வந்ததே தெரியவில்லையாம். கோலாலம்பூரில் இறங்க மறந்து, அடுத்த நிலையத்தில் இறங்கித் திரும்பி வந்தாளாம். முதல் அத்தியாயம் முடிந்துவிட்டது என்று சொன்னபோது அவள் குரலே வேறு மாதிரி இருந்தது. இப்படி ஒரு குரலை அவளிடம் நான் இதுவரை கேட்டதில்லை.

சேகர் விளையாட்டுப் பக்கத்தைத் தாண்டிப் பத்திரிகையைப் புரட்டுகிறவன் இல்லை, அந்தத் தைரியத்தில்தான் இதையெல்லாம் எழுதிவிட்டேன். ஆகவே கிள்ளான் வாசகர்களே, கோயிலில் அவனைப் பார்த்தால் தயவுசெய்து வாயைத் திறக்காதீர்கள்... புவனாவுக்கு இன்னும் நான்கு அத்தியாயம் பாக்கி இருக்கிறது.