கப்பலூர் முதல் உசிலம்பட்டி வரை: இரண்டு மெயில் பெட்டிகளைச் சோதிக்கப் போன வழி

குஜராத்தில் பூமி குலுங்கிய வருஷம் அது. தை மாதம் அது நடந்தது. ஆவணி கடைசியில் அமெரிக்காவில் அந்த இரண்டு கட்டிடங்களும் விழுந்தன. நான் சொல்லப்போகும் பயணம் அதற்குப் பின்னால் வந்த கார்த்திகையில், ஒரு செவ்வாய்க்கிழமை. பல ஊர்களில் கிளை வைத்திருப்பவர்கள் எந்த மெயில் சர்வர் வாங்கலாம் என்று இப்போதும் ஊர் ஊராகப் போய்ப் பார்க்கிறார்களாம், மருமகள் சொன்னாள். அப்படிக் கிளம்புகிறவர்களுக்கு இது உதவும். நான் சொல்கிறேன், அவள் எழுதுகிறாள். எனக்கு எண் தெரியும், எழுத்து தெரியாது.

என் பேர் மாயாண்டி, ஒரு துண்டுக் கம்பெனியில் வேன் டிரைவர். குளித்துத் துடைக்கிற துண்டு, எல்லாம் ஏற்றுமதி. தறிகளும் ஆபீசும் கப்பலூரில், குடோன் சமயநல்லூரில், விளிம்பு தைக்கிற இடம் உசிலம்பட்டியில். மூன்றுக்கும் நடுவே தினம் இரண்டு தடவை தபால் கொண்டுபோனது நான்தான். படிக்கத் தெரியாதவன் என்பதால் ஒட்டாத கவரைக்கூட என் கையில் கொடுப்பார்கள். அவசரமென்றால் கவரும் கிடையாது, வாயால் சொல்லி அனுப்புவார்கள். கேட்டதை ஒரு சொல் விடாமல் போய்ச் சொல்வேன். இருபது வருஷம் அதுதான் எங்கள் கம்பெனி மெயில்.

கட்டிடங்கள் விழுந்த பிறகு வெளிநாட்டுக்காரர்கள் ஆர்டரைத் தினம் ஒரு மாதிரி மாற்றினார்கள். காலையில் நீலம் என்பார்கள், சாயங்காலம் வெள்ளை என்பார்கள். மெயில் வந்தது கப்பலூருக்கு மட்டும். நான் அதை உசிலம்பட்டிக்குக் கொண்டு சேர்ப்பதற்குள் அங்கே முந்நூறு துண்டு தப்பாகத் தைத்திருப்பார்கள். மூன்று இடத்துக்கும் சேர்த்து ஒரு மெயில் பெட்டி, அந்த சர்வர்தான், வேண்டும் என்று முதலாளி சுப்புராம் முடிவெடுத்தார். மதுரையில் பல தலைமுறையாக இருக்கும் சௌராஷ்டிரக் குடும்பம். வீட்டாரோடு அவர்கள் பாஷை, எங்களோடு மதுரைத் தமிழ், கோபம் வந்தால் இரண்டும்.

போட்டிக்கு இரண்டு பெட்டிகள் நின்றன. ஒன்று சென்னைக் கம்பெனிக்காரர் கொண்டுவந்தது. விலை இரண்டரை லட்சம், வருஷா வருஷம் கொஞ்சம் கட்ட வேண்டும். இன்னொன்று எங்கள் ஆபீசிலேயே கம்ப்யூட்டர் பார்த்த செல்வராசு செய்தது. ஓரமாகக் கிடந்த பழைய கம்ப்யூட்டரில், காசில்லாமல் கிடைக்கிற மெயில் சர்வரை ஏற்றியிருந்தான். சமயநல்லூர்ப் பக்கம் நாற்று நட்டுக் கூலி வாங்கின வீட்டுப் பையன், அந்த வீட்டில் முதல் பட்டதாரி. அப்போது கல்யாணமாகி எட்டு மாதம்.

முதலாளி எல்லார் முன்னாலும் சொன்னார்: "உன் பெட்டி தோத்தா, அதைத் தூக்கிக்கிட்டு நீயும் கெளம்பிரணும். ஓசின்னு சொல்லி என்னை ஒரு மாசம் நிப்பாட்டி வச்சிருக்க."

சோதிக்கிற விதத்தையும் அவரே வகுத்தார். "ரிப்போர்ட் எழுதச் சொன்னா அவனவன் தோதுக்கு எழுதுவான். மாயாண்டி போகட்டும். இவங்கிட்டக் காகிதத்தைக் காட்டி ஏமாத்த முடியாது, வாயால வாசிக்கணும். இவன் காதுல விழுந்தது அப்படியே எனக்கு வரும்." அனுப்பப்போகிற சேதியை முதலில் எனக்குச் சொல்வார். நான் வண்டியை எடுத்த பிறகு மெயில் போகும். போன இடத்தில் அவர்கள் வாசிப்பதை நான் ஒத்துப்பார்க்க வேண்டும்.

திங்கட்கிழமை சென்னைப் பெட்டி. குறை சொல்ல முடியாது. சமயநல்லூர் குடோனில் காதர் பாய் வியாழக்கிழமைக்கு லாரி என்று காலண்டரில் போட்டால், உசிலம்பட்டியிலும் அது தெரிந்தது. ஒருவர் லீவென்றால் அவருக்கு வந்ததை இன்னொருவர் பார்க்கலாம். ஆனால் நம் போன் லைனுக்கு அது பாரம். உசிலம்பட்டியில் திறந்து வருவதற்குப் பன்னிரண்டு நிமிஷம், என் கடிகாரத்தில் பார்த்தேன்.

செவ்வாய்க்கிழமை செல்வராசுவின் பெட்டி. விடிந்ததிலிருந்து தூறல். காலை ஒன்பதேகாலுக்குக் கப்பலூரை விட்டேன். பழங்காநத்தம், காளவாசல், பரவை வழியாகச் சமயநல்லூர் இருபத்துநாலு கிலோமீட்டர். காளவாசலில் பத்து நிமிஷம் நின்றதையும் சேர்த்து, பத்தேகாலுக்குப் போய்ச் சேர்ந்தேன். காதர் பாய் கண்ணாடியை ஏற்றிவிட்டு வாசித்தார்: நீலக் கோடு நாற்பது பேல் நிறுத்து, வெள்ளை முப்பது பேல் ஏற்று. பேல் என்றால் துண்டு மூட்டை. சொல்லுக்குச் சொல் சரி. திறக்க இரண்டே நிமிஷம்.

"நேத்து மாதிரி காலண்டர் இல்லையே, பாய்?"

"இல்ல. சுவத்துல ஆணி இருக்குல்ல, அதுல தொங்குதே காலண்டர். ஆனா ஜல்தியா வருதுப்பா இது."

அங்கிருந்து திரும்பக் காளவாசல் வந்து, தேனி ரோட்டில் நாகமலைப் புதுக்கோட்டை, செக்கானூரணி தாண்டி உசிலம்பட்டி. நாற்பத்தாறு கிலோமீட்டர், மழை ரோட்டில் ஒன்றேகால் மணி நேரம். பதினொன்றே முக்காலுக்கு இறங்கினேன். வாசலில் ஜூஸ் கடைக்காரர் மிக்சியைத் துணி போட்டு மூடிவைத்திருந்தார். "பத்தே முக்காலுக்குப் போன கரண்டுண்ணே. டிரான்ஸ்பார்மர்ல வேலையாம். எப்ப வரும்னு எவனுக்குத் தெரியும்?"

உள்ளே கிளார்க் பாண்டியம்மாள் எனக்காகக் காத்திருந்தவள் மாதிரி எழுந்தாள். வாசித்தாள்: விளிம்பு அரை அங்குலம் வேண்டாம், முக்கால் அங்குலம், ஞாயிற்றுக்கிழமையும் வேலை உண்டு. எல்லாம் சரி. ஆனால் முதலாளி இந்த மெயிலை அனுப்புவதாகச் சொன்ன நேரம் பதினொன்று. கம்ப்யூட்டர் திரை கறுப்பாக இருந்தது. பேட்டரிப் பெட்டி பத்து நிமிஷத்துக்கு மேல் தாங்காது என்று எனக்கும் தெரியும்.

"எதைப் பாத்தும்மா வாசிச்ச?"

"நோட்டைப் பாத்துத்தாண்ணே. செல்வராசு அண்ணன் போன்ல சொன்னாரு, எழுதிக்கிட்டேன். நீங்க வந்து காத்துக் கெடக்கக் கூடாதுல்ல?"

அவள் ஏமாற்றவில்லை. தபால் தாமதமானால் போனில் கேட்டு முன்கூட்டியே எழுதிவைப்பது எங்கள் கம்பெனிப் பழக்கம். மெச்சுவேன் என்றுதான் நினைத்திருந்தாள். நான் கப்பலூருக்குப் போன் போட்டேன். செல்வராசு குரலைத் தாழ்த்திப் பேசினான்.

"அண்ணே, நேத்து அவனுக்குக் கரண்டு இருந்துச்சு. இன்னைக்கு எனக்கு இல்ல. இது என் பெட்டி செஞ்ச தப்பா? முதலாளிகிட்ட வந்துருச்சுன்னு சொல்லிட்டேன். காப்பாத்துங்கண்ணே."

"மெயில் இப்ப எங்க இருக்கு?"

"இங்கதான். பத்து நிமிஷத்துக்கு ஒருக்கா அங்க போன் போட்டுப் பாக்கும்."

"கரண்டு வர்ற வரைக்கும் போடுமா?"

"போடணும்ணே."

"போடணுமா, போடுமா?"

"இம்புட்டு நேரம் நிறுத்திப் பாத்ததில்லண்ணே. வேணாம்னு திருப்பிவிட்டாலும் விட்டுரும்."

ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். இரண்டு பெட்டியும் தோற்றால் என் தபால் வேலை பிழைக்கும் என்ற நினைப்பு அப்போது வந்தது. வந்த உடனே போகவும் இல்லை.

பன்னிரண்டு பத்துக்குப் போன் அடித்தது. எடுத்தால் காதைக் கிழிக்கிற கீச்சுச் சத்தம். பாண்டியம்மாள் சிரித்தாள். "அதாண்ணே மெயிலு. கரண்டு இருந்தா மூணாவது மணிக்கு மிசினே எடுத்துரும். நீங்க பேசி என்ன செய்ய?" ஆக, அது தட்டிக்கொண்டுதான் இருந்தது. பன்னிரண்டு இருபதுக்கு அடித்தது, அரைக்கு அடித்தது. பன்னிரண்டே முக்காலுக்கு அடித்தது முதலாளி.

"ஒரு மணிக்கு இங்க இருக்கணும்னு சொன்னேனா இல்லையா? மெயில் வந்துச்சா?"

"இன்னும் வரலை முதலாளி. கரண்டு இல்லை. வந்ததும் பாத்துட்டு வாரேன்."

"வரலையா? செல்வராசு வந்துருச்சுங்கிறான்!"

பதிலுக்கு நிற்காமல் அவரே சொன்னார்: "ரெண்டு மணி வரைக்கும் பாரு. அதுக்கு மேல சென்னைக்காரருக்குக் கையெழுத்துப் போட்டுருவேன். அவருக்குச் சாயங்காலம் ரயிலு."

ஒன்றரை வரை கரண்டு இல்லை. பாண்டியம்மாள் தன் சோற்றில் பாதியை எனக்கு வைத்தாள். ஒன்று நாற்பத்திரண்டுக்கு வெளியே ஜூஸ் கடை மிக்சி கத்தியது. அவள் ஓடிப் போய் கம்ப்யூட்டரைப் போட்டாள். அது எழுந்திருக்கவே ஐந்து நிமிஷம். எழுந்ததும் போன் அடித்தது, பழக்கத்தில் அவள் கை போனது.

"எடுக்காத!"

"முதலாளியா இருந்தா?"

"இருக்கட்டும். எடுக்காத."

இரண்டாவது மணி. தையல்காரப் பெண்கள் மிதிப்பதை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தார்கள். மூன்றாவது மணியில் மிசினே எடுத்தது. அந்தக் கீச்சுச் சத்தம் இந்தத் தடவை நின்று, திரையில் ஏதோ ஓடியது. பாண்டியம்மாள் வாசித்தாள். சொல்லுக்குச் சொல் அதேதான். அனுப்பிய நேரம் பதினொன்று அஞ்சு, வந்து விழுந்தது ஒன்று ஐம்பத்திரண்டு. போனில் முதலாளியிடம் சொன்னேன். "வந்து நேர்ல சொல்லு" என்றார்.

திரும்பும்போது செக்கானூரணியில் பிரிந்து, திருமங்கலம் வழியாகக் கப்பலூர், நாற்பத்திரண்டு கிலோமீட்டர். அன்றைய சுற்று மொத்தம் நூற்றுப்பன்னிரண்டு, டீசல் இருநூறு ரூபாய்க்குப் பக்கம். மூன்றுக்குப் போய்ச் சேர்ந்தேன். சென்னைக்காரர் பெட்டி படுக்கையோடு உட்கார்ந்திருந்தார், செல்வராசு நின்றுகொண்டிருந்தான்.

கரண்டு போனதையும், மெயில் கிட்டத்தட்ட மூன்று மணி நேரம் தட்டிக்கொண்டே இருந்ததையும் சொன்னேன். சென்னைக்காரர் நியாயமான மனிதர். "எங்களுதும் அப்படித்தான் சார் வெயிட் பண்ணும்" என்றார்.

"பண்ணலாம். உங்களுது காத்துக் கெடந்ததை நான் பாக்கலை, இதைப் பாத்த ஆளு இந்தா நிக்கிறான்" என்றார் முதலாளி. பிறகு என்னிடம், "வேற ஏதும் உண்டா?"

அந்த இடத்தில் 'இல்லை முதலாளி' என்று சொல்லியிருக்கலாம். ஆனால் இருபது வருஷமாகச் சேதியில் பாதியை வைத்துக்கொண்டு பாதியைச் சொன்னதில்லை, வாய் வரவில்லை. பாண்டியம்மாளின் நோட்டையும், அதற்கு முன்னால் வந்த போனையும் சொல்லிவிட்டேன்.

முதலாளி அன்று கத்தவில்லை. "பெட்டி ஜெயிச்சிருச்சு" என்றார். "ஆனா இனிமே இந்தக் கம்பெனி லெட்டர் பூராம் அந்தப் பெட்டிக்காரன் கையில. வராததை வந்துருச்சுன்னு சொன்னவன்கிட்ட அதை எப்படிக் கொடுப்பேன்?" பெட்டி இருக்கட்டும், செல்வராசு கணக்கு முடித்துக்கொள்ளட்டும் என்றார். போகும் முன் அவன் எல்லாக் கடவுச்சொல்லையும் பாண்டியம்மாளுக்குப் போனில் ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லிக்கொடுத்தான். யாரும் கேட்கவில்லை, அவனாகச் சொன்னான்.

ஐந்தரைக்கு அவனைத் திருமங்கலம் பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிட்டேன். கதவைச் சாத்தும் முன் சொன்னான்: "நீங்க சொன்னது சரிதாண்ணே. அவர் ரயிலேறின பெறகு, நாளைக்குச் சொல்லிருக்கலாம்."

அந்தப் பெட்டி ஆறு வருஷம் ஓடியது. பாண்டியம்மாள்தான் பார்த்துக்கொண்டாள். காலண்டர் இல்லாத குறை கடைசி வரை இருந்தது, லாரி எந்த நாள் என்று சொல்ல மட்டும் நான் தினம் ஒரு நடை போய்வந்தேன்.

இப்படிச் சோதிக்கக் கிளம்புகிறவர்கள் விற்கிறவர் ஆபீசில் உட்கார்ந்து முடிவெடுக்காதீர்கள். உங்கள் கிளைகளில் எது தூரமோ, எங்கே கரண்டு அடிக்கடி போகிறதோ, அங்கே போங்கள். இரண்டு பெட்டியையும் ஒரே மாதிரி சோதியுங்கள். ஒன்றுக்குக் கரண்டு போனால் இன்னொன்றுக்கு நீங்களே பிளக்கைப் பிடுங்குங்கள். நாங்கள் அதைச் செய்யாதது சென்னைக்காரருக்குச் செய்த அநியாயம். காலண்டர், லீவு, பொதுப் பெட்டி எல்லாம் யாருக்கு வேண்டும் என்று முதலில் கிளார்க்கைக் கேளுங்கள். பெட்டி தோற்றால் ஆளும் போக வேண்டும் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அப்படிச் சொன்ன இடத்தில் யாரும் உண்மை நேரத்தைச் சொல்ல மாட்டார்கள். இந்த வழியில் சாப்பாட்டுக்குச் செக்கானூரணி நல்லது. மழையென்றால் அரை மணி சேர்த்துக் கிளம்புங்கள்.

காதர் பாய் அந்தப் பெட்டி ஓடிக்கொண்டிருந்தபோதே போய்விட்டார். அதற்கடுத்து முதலாளி. கம்பெனியை மகன்கள் விற்றுவிட்டார்கள். சென்னைக்காரர் இறந்த சேதி அவர் ஆபீசிலிருந்து பாண்டியம்மாளுக்கு மெயிலில் வந்தது, அவள்தான் எனக்கு வாசித்துக் காட்டினாள். போன வருஷம் பாண்டியம்மாளும் போனாள், உசிலம்பட்டிக்குப் போய்விட்டு வந்தேன். கேதத்துக்குக் கோயம்புத்தூரிலிருந்து ஒரு ஆள் வந்திருந்தான், தலை பூராவும் நரைத்துவிட்டது. என்னைப் பார்த்து "அண்ணே" என்றான். அன்று அந்த அறையில் நான் சொன்னதைக் கேட்டவர்களில் இன்றைக்கு உயிரோடு இருப்பது அவன் ஒருவன்தான், செல்வராசு.