மூழ்கிச் செத்தவன் வேஷம்

அந்த வருஷம் மாதா திருவிழாவுக்கு எங்கள் தெரு இளவட்டங்கள் சேர்ந்து ஒரு பேய் வீடு போட்டோம். கடற்கரையோரம் காலியாகக் கிடந்த உப்புக் கிட்டங்கியைக் கேட்டு வாங்கி, உள்ளே சாக்குப் படுதாவால் சந்து சந்தாகத் தடுத்தோம். முக்குக்கு முக்கு ஒரு பேய். எல்லாம் ஆள்தான். துறைமுகத்தில் மூட்டை தூக்குகிற நெட்டையன் தலையில்லாத முண்டம். வாத்தியார் ஒருவர் வெள்ளைச் சேலை கட்டி மோகினியானார். அதற்காக மீசையை எடுத்ததில் அவர் வீட்டில் பெரிய ரகளை. எனக்கு வசனம் மனப்பாடம் ஆகாது. அதனால் பேசாத பேயாக, கடலில் மூழ்கிச் செத்தவன் வேஷம் கொடுத்தார்கள்.

முகத்தில் அரிசி மாவு, தலையில் கடல்பாசி, உடம்பெல்லாம் ஈர வலை. இருட்டில் படுத்துக் கிடந்து, ஆள் பக்கத்தில் வந்ததும் ஈரக் கையால் காலைப் பிடிக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. ஆனால் பார்த்துவிட்டு வெளியே போனவர்கள் எல்லாரும் என்னைப் பற்றித்தான் பேசினார்கள். வீட்டுக்கு ஒருவர் கடலுக்குப் போகிற ஊரில் வேறெந்தப் பேய் எடுபடும்? எனக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது.

பகலில் நான் ஒரு கப்பல் ஏஜெண்டு ஆபீசில் குமாஸ்தா. திருவிழா நடந்துகொண்டிருக்கும்போதே, கொழும்பிலிருந்து சரக்குத் தோணி ஒன்றை ஓட்டி வந்த தண்டல் ஆபீசுக்குள் வந்து உட்கார்ந்து தண்ணீர் கேட்டார். எங்கள் பக்கத்து வீட்டு அண்ணன் வேலை பார்த்த தோணி காற்றில் உடைந்துவிட்டது, அண்ணன் உடம்பு மன்னார்க் கரையில் ஒதுங்கியது, அங்கேயே அடக்கம் பண்ணிவிட்டார்கள் என்றார்.

தெருப் பெரியவர்களிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அழுதார்கள். பிறகு கூடிப் பேசி, "மாதா கொடி எறங்குத வரைக்கும் மூச்சு விடாதலே. கொடி நிக்கையில தெருவுல ஒப்பாரி கேக்கக் கூடாது" என்றார்கள். எங்கள் தெரு வழக்கம் அது. எனக்கு அப்பாடா என்றிருந்தது. அண்ணன் பெண்சாதியை நான் மைனி என்று கூப்பிடுவேன். அவரிடம் போய்ச் சொல்லும் வேலை என் தலையில் விழவில்லையே! அன்று சாயங்காலம் வேறு வேஷமாவது கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. மாவைக் குழைத்துப் பூசிக்கொண்டு போய்ப் படுத்தேன், வெட்கங்கெட்டவன்.

அன்றைக்குத்தான் மைனி வந்தார். அக்கம்பக்கத்துப் பெண்களோடு சிரித்துப் பேசிக்கொண்டு வந்த குரலைக் கேட்டதும் கையை இழுத்துக்கொண்டேன். எழுந்து ஓடிவிடப் பார்த்தால் வலை காலைச் சுற்றிக்கொண்டது. சிவப்புத் தாள் ஒட்டிய லாந்தர் வெளிச்சத்தில் அவரே குனிந்து பார்த்து அலறினார். ஆள் யாரென்று தெரிந்ததும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"ஏலே, நீயா! கொல நடுங்கிட்டுலே எனக்கு. நெசமாவே கடல்ல கெடந்த பொணம் மாதிரில்லா இருக்க!"

நான் பேசவில்லை. பேசாத பேய்தானே.

"உங்க அண்ணன் வரட்டும், கூட்டிட்டு வாரேன். அவுக காலப் பிடிச்சி இழுக்கணும் நீ, என்ன? கொடி எறங்குததுக்குள்ள வந்துருவாகளா? உங்க ஆபீசுக்குச் சேதி ஏதும் வந்துச்சா?"

பின்னால் கூட்டம் நெருக்கியது. "வந்துருவாக மைனி" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே அடுத்த பேயைப் பார்க்கப் போனார்.

கொடி இறங்கிய மறுநாள் காலையில் பெரியவர்கள் மைனி வீட்டுக்குப் போனார்கள். நானும் கூடப் போனேன். விஷயத்தைச் சொன்னவர்கள், என்றைக்குச் சேதி வந்தது, யார் கொண்டுவந்தது என்பதையும் மறைக்கவில்லை. மைனி என்னை அறைவார், காறித் துப்புவார் என்று முன்னால் போய் நின்றேன். அது நடந்தால் போதும் என்றுகூட இருந்தது.

மைனி என்னை வெறித்துப் பார்த்தார்.

"அப்பம், நான் அங்கன வந்த அன்னைக்கி அவுக மண்ணுக்குள்ள இருந்தாகளா?"

பெரியவர் ஒருவர் தலையை ஆட்டினார். மைனி தன் வாயிலேயே ஓங்கி அடித்துக்கொண்டார்.

"கடல்ல செத்தவனப் பாத்து நாஞ் சிரிச்சேனே. இந்த வாயால சிரிச்சேனே."

"நீங்க என்ன செஞ்சீக மைனி, நாந்தான..." என்று தொடங்கினேன். பெண்களின் அழுகையில் அது யாருக்கும் கேட்கவில்லை. எனக்கு விழ வேண்டிய அடி அது. எட்டி அவர் கையைப் பிடித்தேன். உதறிவிட்டு மறுபடியும் அடித்துக்கொண்டார்.