சிவகாமி அக்கா காத்துக் கொடுத்த கண்

சிவகாமி அக்காவின் மகன் தொலைபேசியில் அழைத்தபோது, வலக்கண்ணில் சொட்டு மருந்து விட்டு இமையை மூடி உட்கார்ந்திருந்தேன். "அம்மா போயிட்டாக டீச்சர். நெஞ்சு வலிக்குதுன்னாக, ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள..." என்றான். கண்ணைத் திறக்கவே தோன்றவில்லை.

காரைக்குடி கண் மருத்துவமனையில் கண் அழுத்தம் பார்க்க எங்களோடு காத்திருந்தவர்களுக்கு அவரைத் தெரிந்திருக்கும். திருப்பத்தூரில் தாலுகா அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கிளாக்கோமா என்கிற கண் அழுத்த நோய்தான் எங்களை ஒரே பெஞ்சில் சேர்த்தது. நெற்குப்பையில் தனியாக இருக்கும் எனக்கு, மனம்விட்டுப் பேச வாய்த்த இடம் அந்தப் பெஞ்சு ஒன்றுதான்.

என் திருட்டுத்தனத்தையும் அங்கேதான் கண்டுபிடித்தார். மருந்து எரிகிறதென்று மாதக்கணக்கில் தொடமாட்டேன். பரிசோதனைக்கு நான்கு நாள் முன்னதாக ஒழுங்காக விடுவேன். அழுத்தம் சரியாகக் காட்டும், பார்வை மட்டும் ஓரத்திலிருந்து குறைந்துகொண்டே வரும். டாக்டர் குழம்பினார். இத்தனைக்கும் நான் அறிவியல் ஆசிரியை!

"மூணு மாசமா ஒரே புட்டியா? மாசம் ஒண்ணு தீரணுமே! பரீட்சைக்கு மொத நாள் படிக்கிற பிள்ளைய வெளுத்திருப்பீகள்ல?" என்றவர், கையைப் பிடித்து இழுத்துப்போய் டாக்டர்முன் நிறுத்தினார். "இவுக மருந்தே விடுறதில்ல. நீங்க நம்பிக்கிட்டு இருக்கீக." அன்று முழுக்க அவரோடு நான் பேசவில்லை.

இடக்கண் அதற்குள் போய்விட்டது. வலக்கண்ணுக்கு இனி அறுவை சிகிச்சைதான் என்றார் டாக்டர். வெள்ளைவிழியில் சிறு வழி வெட்டி உள்ளிருக்கும் நீரை வடியவிடலாம். அது தழும்பேறி அடைத்துக்கொண்டால் மெல்லிய குழாய் பொருத்தலாம். எதைச் செய்தாலும் போன பார்வை திரும்பாது, இருப்பதைக் காக்கலாம். அக்காவுக்கு வெட்டிய வழி அடைத்து, பிறகு குழாய் வைத்திருந்தார்கள். அதைக் கேட்டு நான் நாளைத் தள்ளிப் போட்டேன்.

"தள்ளிப் போட்டுத்தான் நான் ஒரு கண்ண விட்டேன். மிச்சம் இருக்கிற ஒண்ணையும் விடப் போறீகளா?" என்றார் அக்கா.

செய்துகொண்டேன். குனியக்கூடாது, பளு தூக்கக்கூடாது என்றதால் பத்து நாள் என் வீட்டில் தங்கினார். காலையில் வாசலில் கோலம் போடுவார். ஒரு பக்கத்துப் புள்ளிகள் விட்டுப்போயிருக்கும். ஓரம் அவருக்கும் தெரியாது. நான் சொல்லவில்லை.

போன வாரம் பரிசோதனைக்குத் தனியாகப் போனேன். அழுத்தம் கட்டுக்குள் இருக்கிறது என்றார் டாக்டர். அதைச் சொல்ல எனக்கு ஆளில்லை. வலக்கண்ணின் நடுவில் மிஞ்சியிருக்கும் இந்தக் கொஞ்சப் பார்வைதான் அக்காவிடமிருந்து என்னிடம் இருப்பது. அதைக் கொண்டு நான் பார்க்க நினைக்கும் முகந்தான் இல்லை.